ராயப்பர் பொண்டாட்டி

அட, இருக்கட்டும்மா. கால்தானே பட்டுச்சு, அதுக்கு ஏன் தொட்டுக் கண்ணுல ஒத்திக்கிறீங்க. நல்லா உட்காருங்க. இந்தப் பஸ்ஸுல சீட்டுக்கும் சீட்டுக்கும் நடுவுல ஒரு கோழியைக்கூட உட்கார வைக்க முடியாது, இதுல கால் படாம எப்படி வர்றது. ஆனா ஒண்ணு சொல்றேன், கோவிச்சுக்கக் கூடாது. உங்க குதிகால்ல லேசா வெடிப்பு விட ஆரம்பிச்சிருக்கு. இப்பவே விளக்கெண்ணெய் போடுங்க. விட்டீங்கன்னா என் கால் மாதிரி ஆயிரும். பாருங்க. வெக்கமென்ன, நானே காட்டுறேன்ல, பாருங்க. கோடையில காஞ்ச கம்மா மாதிரி இல்ல? இந்தக் காலாலதான் எங்க ஊரு ரெண்டுபட்டுப் போச்சு.

சிரிக்காதீங்க, நெசமாத்தான். நீங்க என்ன வேலை பார்க்குறீங்க? டீச்சரா. நல்லதாப் போச்சு, டீச்சருன்னா பொறுமையாக் கேப்பீங்க. நான் இப்ப ஆயர் இல்லத்துக்குப் போறேன். ஆயர்னா பிஷப்பு. பதினோரு மணிக்கு விசாரணை. இந்தப் பையில ஒரு கடுதாசி இருக்கு. அதுல நான் ஒரு கையெழுத்துப் போட்டா எங்க வீட்டுக்காரர் வீட்டுக்குத் திரும்பி வந்துருவாரு. எனக்குக் கோயில்ல பழையபடி நன்மை கொடுப்பாங்க. எங்க சாமியாரை மட்டும் எங்கேயாவது தூக்கியடிச்சிருவாங்க. போடலைன்னா வீட்டுக்காரரும் இல்லை, நன்மையும் இல்லை. நன்மைன்னா அப்பம், பூசையில கொடுப்பாங்கள்ல, அது. நீங்க பொட்டு வச்சிருக்கீங்க, உங்களுக்கு இதெல்லாம் தெரிஞ்சிருக்காது. மொதல்லேருந்து சொல்றேன்.

என் பேரு செசிலி. ஊரு தொம்மையாபட்டி. எங்க வீட்டுக்காரர் பேரு சந்தியாகு, ஆனா அந்தப் பேரைச் சொன்னா எங்க ஊரு தபால்காரருக்கே தெரியாது. ராயப்பர் வீடுன்னு கேக்கணும். ராயப்பர்னா பேதுரு. இயேசுவோட பன்னெண்டு சீடருல மூத்தவரு, மோட்சத்துச் சாவி வச்சிருக்கிறவரு. ஈஸ்டருக்கு முந்தின வியாழக்கிழமையைப் பெரிய வியாழன்னு சொல்லுவோம். தான் சாகிறதுக்கு முந்தின நாளு, சாப்பிட உட்கார்ந்த சீடருங்க காலை இயேசு குனிஞ்சு கழுவிவிட்டாரு. குரு சிஷ்யன் காலைக் கழுவுனாரு. அதுக்கு ஞாபகமா அன்னைக்குச் சாயங்காலப் பூசையில சாமியார் பன்னெண்டு ஆம்பளைங்களை உட்கார வச்சு, காலைக் கழுவி, துடைச்சு, முத்தம் கொடுப்பாரு.

எங்க ஊர்ல அந்தப் பன்னெண்டு நாற்காலியும் பன்னெண்டு குடும்பத்துச் சொத்து மாதிரி. அப்பனுக்கப்புறம் மகன். மொத நாற்காலி ராயப்பருது. என் மாமனார் இருபத்தாறு வருஷம் உட்கார்ந்தாரு. அவருக்கப்புறம் எங்க வீட்டுக்காரர் பத்தொன்பது வருஷம். கல்யாணம் காதுகுத்துன்னா பத்திரிகையிலேயே ‘ராயப்பர் சந்தியாகு’ன்னுதான் போடுவாங்க. கடைசி நாற்காலி யூதாஸ். காட்டிக்கொடுத்தவன். அதுல யாரு உட்காருவா? அதை மட்டும் காலனிக்கு விட்டிருந்தாங்க. புஷ்பம்னு ஒருத்தி, எங்க மாட்டுக்கொட்டத்துல வேலை பார்க்கிறவ, அவ புருஷன் சவரி இருந்த மட்டுக்கும் அவன்தான் யூதாஸ். தெருப்பிள்ளைங்க அவனை அப்படித்தான் கூப்பிடும். அவனும் சிரிச்சுக்கிட்டே போவான். ஆனா பாருங்க, அவன் காலையும் சாமியார் கழுவத்தானே செஞ்சாரு? அதுலெல்லாம் எங்க ஊர்ல பேதம் கிடையாது.

இப்ப என் கதைக்கு வர்றேன். பெரிய வியாழக்கிழமை காலையில எந்திரிச்சதும் எனக்கு மொத வேலை அவரு கால். அண்டாவுல வெந்நீர் வைப்பேன். அவரு கயித்துக் கட்டில்ல உட்கார்ந்து பேப்பர் படிப்பாரு. நான் கீழ உட்கார்ந்து ரெண்டு காலையும் அரைமணி நேரம் ஊற வச்சு, சீயக்காய் போட்டு, பீர்க்கங்கூட்டால தேச்சு, குதிகாலைக் கல்லால உரசி, நகம் வெட்டி, நகக்கண்ணுல இருக்கிற மண்ணை ஊக்கால எடுத்து, தேங்காயெண்ணெய் தடவித் துடைப்பேன். பாதி நாள் வயக்காட்டுல கிடக்கிற மனுஷன். எத்தனை அழுக்கு இருக்கும், நினைச்சுப் பாருங்க. எல்லாம் முடிஞ்சதும் வெள்ளை சாக்ஸ் மாட்டிவிடுவேன். வருஷத்துல அந்த ஒரு நாள்தான் அவரு சாக்ஸ் போடுறது. கோயில் ரெண்டு தெரு தள்ளித்தான், ஆனா புழுதி பட்டுரும்னு வண்டியில போவாரு. அங்க போயி சாக்ஸைக் கழட்டி நாற்காலியில உட்கார்ந்தா, கால் புதுசா வாங்கின சோப்பு மாதிரி இருக்கும். சாமியார் ஒரு செம்புத் தண்ணி ஊத்துவாரு, பூத்துவாலையால ஒத்துவாரு, முத்தம் கொடுப்பாரு. தாம்பாளத்துல விழுந்த தண்ணியை அப்படியே குடிக்கலாம்.

ஊர்ல எல்லா வீட்டுலயும் இதே கதைதான். பன்னெண்டு வீட்டுலயும் பொம்பளைங்க காலையில உட்கார்ந்து தேச்சுக்கிட்டிருப்போம். கழுவாத காலைக் கொண்டுபோயி சாமியார் முன்னாடி நீட்டுனா வீட்டுக்கு மானம் போயிரும்ல.

போன வருஷம் ஆடி மாசம் புதுச் சாமியார் வந்தாரு. அமலதாஸ்னு பேரு. என் மூத்த மகனைவிட ரெண்டு வயசு சின்னவரு. சைக்கிள்ல போவாரு, ரப்பர் செருப்பு போடுவாரு. பிரசங்கத்துல யோசிக்கவே முடியாத கேள்வியெல்லாம் கேப்பாரு. ஒருநாள் சொல்றாரு, ‘கடவுள் மேலேயிருந்து நம்மளைப் பார்க்கிறதா எல்லாரும் நினைக்கிறோம். அன்னைக்குக் கால் கழுவக் குனிஞ்சவரு இன்னும் நிமிரவே இல்லைன்னு நான் நினைக்கிறேன்’. எனக்கு ஒண்ணும் விளங்கலை. ரெண்டாயிரம் வருஷம் குனிஞ்சே இருந்தா இடுப்பு என்னத்துக்கு ஆகும்னு நினைச்சுக்கிட்டேன்.

தவசுக் காலம் வந்துச்சு, ஈஸ்டருக்கு முந்தின நாற்பது நாள் நோன்பு. ஒரு ஞாயித்துக்கிழமை பூசையில சாமியார் சொல்லிட்டாரு. இந்த வருஷம் பழைய பன்னெண்டு பேரு இல்லை, இதுவரைக்கும் யாரு காலைக் கோயில்ல கழுவுனதே இல்லையோ அவங்கதான், ஆறு ஆம்பளை ஆறு பொம்பளை. பொம்பளைங்க காலையும் கழுவலாம்னு ரோமாபுரியிலேருந்தே உத்தரவு வந்து வருஷக்கணக்காச்சாம். எங்களுக்கு யாரும் சொல்லலை, அவ்வளவுதான். டீச்சர், அன்னைக்குக் கோயில்ல ஒரு சத்தம் எந்திரிச்சுச்சு பாருங்க. எங்க வீட்டுக்காரர் பூசை முடியறதுக்குள்ள வெளியே போயிட்டாரு. நாற்பத்தஞ்சு வருஷக் குடும்பப் பெருமை போச்சுன்னு எனக்கும் வயிறு எரிஞ்சுச்சு. சாமியாரை நான் திட்டாத திட்டு இல்லை. பொய் சொல்ல மாட்டேன்.

எங்க வீட்டுக்காரரைச் சமாதானம் பண்ணலாம்னு சாமியே எங்க வீட்டுக்கு வந்தாரு. இவரு உள்ள படுத்துக்கிட்டு வரமாட்டேன்னுட்டாரு. நான்தான் காப்பி கொடுத்தேன். சாமி பின்கட்டுல கைகழுவப் போனவரு, கொடியில தொங்குன பீர்க்கங்கூட்டையும் குதிகால் கல்லையும் பார்த்துட்டு, ‘இதெல்லாம் என்னம்மா’ன்னாரு. நான் பெருமையாச் சொன்னேன், இப்ப உங்ககிட்டச் சொன்ன மாதிரியே, அண்டா, சீயக்காய், ஊக்கு, சாக்ஸ், ஒண்ணு விடாம. அவரு காப்பியைக் குடிக்காம கீழ வச்சுட்டாரு. அப்புறம், ‘அப்ப பத்தொன்பது வருஷமா இந்தக் காலைக் கழுவுனது நீங்கதான். எங்களைப் போல சாமியாருங்க ஈரம் பண்ணிட்டுப் போயிருக்கோம்’னாரு. ‘இந்த வருஷம் நீங்க வந்து உட்காருங்கம்மா. உங்க காலை நான் கழுவுறேன்.’

எனக்குக் கோபம் வந்துச்சு. நெசமா. ‘என்ன சாமி பேசுறீங்க, என் கால் சபையில காட்டுற காலா’ன்னு சொல்லி அனுப்பிட்டேன். பெருமைக்குச் சொல்லலை, வேண்டாம்னுதான் சொன்னேன்.

அன்னைக்குச் சாயங்காலம் எங்க வீட்டு முற்றத்துல பழைய சீடருங்க எல்லாம் கூடிட்டாங்க. ஆயருக்கு மனு எழுதுறாங்க. நான் முறுக்கும் டீயும் கொண்டுபோயி வைக்கிறேன். சாமி என்னைக் கூப்பிட்ட விஷயத்தை யாரோ எடுத்தாங்க. எங்க வீட்டுக்காரர் என் காலைப் பார்த்தாரு. பார்த்துட்டு, ‘இவ காலைக் கழுவி முத்தம் கொடுத்தா அந்த ஆளுக்கு உதடு கிழிஞ்சுரும்’னாரு. எல்லாரும் சிரிச்சாங்க. பதினோரு ஆம்பளை, முறுக்கை வாயில வச்சுக்கிட்டு. நானும் சிரிச்சேன். தட்டை எடுத்துக்கிட்டு உள்ள வந்து அடுப்படியில நின்னேன். கட்டிக்கிட்டு வந்தப்ப என் கால் இப்படியா இருந்துச்சு? எந்தக் கொட்டத்துல, எந்த வரப்புல, எந்த ஈரத்துல நின்னு இப்படி வெடிச்சுச்சு? அவரு காலுக்குத் தேச்ச எண்ணெய்ல மிச்சத்தைக்கூட நான் என் காலுக்குத் தடவுனதில்லை. தலையில தடவிக்குவேன், வீணாப் போகக்கூடாதுன்னு.

மறுநாள் சாமியார் வீட்டுக்குப் போயி, நான் உட்காருறேன் சாமின்னு சொல்லிட்டு வந்தேன்.

ஆக, யாரும் என்னைத் தூண்டிவிடலை, டீச்சர். புரட்சி, பெண்ணுரிமை, அதெல்லாம் எனக்குத் தெரியாது. அந்தச் சிரிப்புக்காகத்தான் போனேன். இயேசுவுக்காகன்னுகூடச் சொல்ல மாட்டேன், அவருக்குத் தெரியும்.

பெரிய வியாழன் வந்துச்சு. பழக்கதோஷம், காலையில அண்டாவுல வெந்நீர் வச்சுட்டேன். அவரு கட்டில்ல உட்கார்ந்து, ‘யாருக்கு’ன்னாரு. ‘எனக்கு’ன்னேன். அவரு பார்க்கப் பார்க்க நான் திண்டுல உட்கார்ந்து என் காலைத் தேச்சேன். பத்தொன்பது வருஷம் விட்ட வெடிப்பு அரைமணி நேரத்துல போயிருமா? ரத்தம்தான் வந்துச்சு. ‘நீ அந்த நாற்காலியில உட்கார்ந்தா இந்த வீட்டுல நான் இருக்க மாட்டேன்’னாரு. ‘சரி, சுகர் மாத்திரையை மறக்காம எடுத்துட்டுப் போங்க’ன்னேன். வீடு எங்க அப்பா கொடுத்த இடத்துல கட்டுனது. நான் எதுக்குப் போகணும்?

சாயங்காலம் கோயில் நிறைஞ்சு போச்சு. சாமி நாற்காலியை வட்டமாப் போட்டிருந்தாரு. வட்டத்துல எது மொத, எது கடைசின்னு யாருக்குத் தெரியும்? எனக்குப் பக்கத்து நாற்காலியில புஷ்பம். எங்க மாட்டுக்கொட்டத்துப் புஷ்பம். நான் ஒண்ணும் நினைக்கலை. சேலையைக் கொஞ்சம் ஒதுக்கிக்கிட்டேன், அவ்வளவுதான். வாடை அடிச்சுச்சு. அவ கொட்டத்துலேருந்து நேரா ஓடி வந்திருக்கா. மூணு மணிக்குக் கழுவிவிட்டுட்டுப் போன்னு நான்தான் சொல்லியிருந்தேன். பெரிய வியாழக்கிழமைன்னா மாடு சாணி போடாம இருக்குமா?

பிரசங்கம் முடிஞ்சுச்சு. கால் கழுவுற நேரம். அப்ப சாமிக்கு ஒத்தாசையா இருக்கிற உபதேசியார் வந்து சாமி காதுல என்னவோ சொன்னாரு. சாமி உள்ள போனாரு, போன் பேசிட்டு வந்தாரு. முகம் செத்துப் போச்சு. பலிபீடத்து முன்னாடி நின்னு, ‘சட்டம் ஒழுங்குப் பிரச்சனை வரும்னு மேலிடத்துல சொல்றாங்க. இன்னைக்கு நான் யாரு காலையும் கழுவக் கூடாதுன்னு உத்தரவு. நான் கீழ்ப்படியணும். என்னை மன்னிச்சிருங்க’ன்னாரு. நல்லவருதான், ஆனா பயந்தவரு. அதையும் சொல்லணும்.

நாங்க பன்னெண்டு பேரும் செருப்பைக் கழட்டிட்டு, காலை வச்சுக்கிட்டு உட்கார்ந்திருக்கோம். ஊரே எங்க காலைப் பார்க்குது. தாம்பாளம் இருக்கு, குடத்துல தண்ணி இருக்கு, துவாலை மடிச்சு வச்சிருக்கு. எங்க வீட்டுக்காரர் தூண்ல சாஞ்சு நின்னு மீசையைத் தடவுனாரு.

எனக்குச் சும்மா இருக்கத் தெரியாது, டீச்சர். கழுவுறதுக்குன்னு எடுத்து வச்ச தண்ணி கழுவாம கிடந்தா எனக்குக் கை குறுகுறுங்கும். எந்திரிச்சேன். முந்தானையை இடுப்புல சொருகுனேன். தாம்பாளத்தை இழுத்துப் பக்கத்து நாற்காலிக்குக் கீழ வச்சேன். சாமியார் கழுவக் கூடாதுன்னுதானே உத்தரவு? செசிலி கழுவக் கூடாதுன்னு யாரு சொன்னா?

‘ஏ புஷ்பம், காலை நீட்டு’ன்னேன். அவ, ‘ஐயோ, வேண்டாம்மா, நீங்க போயி’ன்னு காலை நாற்காலிக்கு அடியில இழுத்துக்கிட்டா. ‘இருடி’ன்னு கணுக்காலைப் பிடிச்சு இழுத்து வச்சேன். இயேசு கழுவ வந்தப்ப ராயப்பரும் இப்படித்தான், நீரு போயி என் காலைக் கழுவுறதான்னு இழுத்துக்கிட்டாராம். வேதத்துல இருக்கு. பத்தொன்பது வருஷத்துல எங்க வீட்டு ராயப்பர் ஒருதடவைகூட இழுத்ததில்லை. சாமியார் வர்றதுக்கு முன்னாடியே நீட்டிக்கிட்டு உட்கார்ந்திருப்பாரு.

அவ விரலிடுக்குல பச்சைச் சாணி. எங்க மாட்டுச் சாணிதான். நகம் ஒண்ணு கறுத்துச் செத்துப் போயிருக்கு, மாடு மிதிச்சது, அதுவும் எங்க மாடுதான். ஒரு செம்புத் தண்ணி பத்தலை. மூணு செம்பு ஊத்தினேன். விரல் விரலா விட்டுத் தேச்சேன். தண்ணி கலங்கிப் போச்சு. எங்க கோயில் கட்டி நூத்துப் பதினெட்டு வருஷம் ஆச்சு. அந்தத் தாம்பாளத்துல தண்ணி அழுக்கானது அன்னைக்குத்தான்.

முத்தமா? முறைன்னா முறைதானே, கொடுத்தேன். அவ அழுதுட்டா. சந்தோஷத்துலதான் இருக்கும். அப்புறம் அவ கீழ இறங்கி, செம்பை வாங்கிக்கிட்டு என் காலுக்கு வந்தா. நான் காலை இழுத்துக்கிட்டேன். ‘எனக்கு வேண்டாம், நான் வீட்டுலயே கழுவிட்டேன், அடுத்த ஆளுக்குக் கழுவு’ன்னேன். அவ அடுத்த ஆளுக்குக் கழுவுனா. அந்த ஆளு அதுக்கடுத்த ஆளுக்கு. அப்படியே வட்டம் சுத்தி வந்துச்சு. சாமி ஒரு ஓரமா முழங்கால் போட்டு அழுதுக்கிட்டிருந்தாரு. கோயில்ல பாதிப் பேரு போயிட்டாங்க. மீதிப் பாதிப் பேரு பாட ஆரம்பிச்சாங்க. தூணுக்குப் பக்கத்துல பார்த்தேன், எங்க வீட்டுக்காரர் இல்லை.

இன்னையோட இருபத்திரண்டு நாளாச்சு. அவரு அவரோட தம்பி வீட்டுல இருக்காரு, நாலு வீடு தள்ளி. எனக்கு நன்மை கொடுக்கக் கூடாதுன்னு ஆயர் இல்லத்துலேருந்து உத்தரவும் வந்துருச்சு. எனக்குக் கஷ்டமா இல்லைன்னு சொன்னா அது பொய்யி. அவரு சுகர்காரர். கால் மரத்துப் போன மாதிரி இருக்கு, முள்ளு குத்துனாக்கூடத் தெரியாது அவருக்கு. தினம் நான்தான் உள்ளங்காலைத் திருப்பிப் பார்ப்பேன். தம்பி பொண்டாட்டி பார்ப்பாளா? பெரிய வியாழன்னு இல்லை, வருஷம் முழுக்க அந்தக் கால் என் மடியில கிடந்த கால். அந்த மனுஷன் மேல எனக்கு ஆசை இல்லைன்னா இத்தனை வருஷம் தேச்சிருப்பேனா. அவரு ஒருநாள், ஒரே ஒருநாள், உன் கால் ஏன் இப்படி இருக்குன்னு கேட்டிருந்தா நான் எந்த நாற்காலிக்கும் போயிருக்க மாட்டேன்.

கடுதாசியைச் சொல்லணும்ல. சபைச் செயலாளர் டைப் அடிச்சுக் கொண்டாந்தாரு. ‘பங்குத்தந்தையின் தூண்டுதலின் பேரில், அறியாமையால், வழிபாட்டின் புனிதத்துக்குக் குந்தகம் விளைவித்தேன்’. அறியாமையாலாம். எனக்குக் கால் கழுவத் தெரியாதாம். டீச்சர், அந்தக் கோயில்ல அன்னைக்கு இருந்த எழுநூறு பேருல கால் கழுவ என்னைவிடத் தெரிஞ்சவங்க யாரு?

கையெழுத்துப் போடுன்னு எல்லாரும் சொல்லியாச்சு. கோயம்புத்தூர்லேருந்து மகன், ‘அம்மா, ஒரு கையெழுத்துதானேம்மா, அப்பாவைப் பாரும்மா’ங்கிறான். மருமக பின்னாடியிருந்து ‘அத்தை செஞ்சது சரிதான்’னு சொல்றது எனக்குக் காதுல விழுது. கடைசியில சாமியே போன் பண்ணிட்டாரு. ‘போட்டுருங்கம்மா. எனக்கு என்ன, மலைக்கு மாத்துவாங்க, குளிரா இருக்கும். உங்க குடும்பம் நல்லா இருக்கணும்’னாரு. நான் நல்லா கொடுத்தேன். ‘சாமி, நீங்க கடவுள் குனிஞ்சாரு குனிஞ்சாருன்னு சொன்னதைக் கேட்டுத்தானே அத்தனை பேரும் வந்து உட்கார்ந்தோம். இப்ப நீங்க தரையோட படுத்துட்டா எப்படி’ன்னேன். அந்தப் பக்கம் சிரிச்சாரு. அழுதாரோ என்னவோ.

நான் போட மாட்டேன். இதை ஆயர் முன்னாடி அப்படியே சொல்லத்தான் போறேன், ஆயரை ஆண்டவரேன்னுதான் கூப்பிடணும். ஆண்டவரே, என்னை யாரும் தூண்டலை. சாமியார் கழுவலை. நான்தான் கழுவுனேன், தெரிஞ்சேதான் கழுவுனேன். அடுத்த வருஷமும் தண்ணி வச்சீங்கன்னா கழுவுவேன். வைக்கலைன்னா வீட்டுலேருந்து கொண்டு வருவேன். நன்மை கொடுக்காட்டிப் போங்க. கடவுள் என்ன நீங்க பூட்டிச் சாவியை இடுப்புல சொருகி வச்சிருக்கிற பீரோவா. அவரு காலடியில இருக்காரு. நான் தினம் உட்கார்ந்து பழகுன இடம் அதுதான், எனக்கு அங்க வழி தெரியும். இப்படித்தான் சொல்லப் போறேன். கொஞ்சம் அதிகமாப் போச்சா? போகட்டும்.

என்ன கேட்டீங்க? புஷ்பமா? அவளுக்கென்ன, நல்லாத்தான் இருக்கா. வழக்கம்போல அஞ்சரை மணிக்கு வேலைக்கு வந்துருவா. அவளையா, அவளை யாரும் விசாரணைக்குக் கூப்பிடலை. அவகிட்ட எதுக்குக் கடுதாசி? ஆனா அவளும் வந்திருக்கா. அதோ, பின்னாடி, டயரு மேல இருக்கிற சீட்டு, பச்சைச் சேலை. தெரியுதா? காலையில பஸ் ஸ்டாப்புல வந்து நிக்கிறா. ‘நானும் வர்றேம்மா, அங்க நானும் ரெண்டு வார்த்தை சொல்லணும்’கிறா. ‘நீ எதுக்குடி, உனக்கும் சேர்த்து நான் சொல்லிக்கிறேன். வர்றதுன்னா வா, அங்க வந்து வாயைத் திறக்காத’ன்னேன். சரிம்மான்னு ஏறிட்டா. டிக்கெட்டை அவளே எடுத்துக்கிட்டா. பின்னாடி போயி உட்கார்ந்துக்கிட்டா. என்னைவிட நாலு வயசு மூத்தவ, அந்தச் சீட்டுல தூக்கித் தூக்கிப் போடும்.

அங்க வந்து என்ன சொல்லணுமாம்னு கேக்குறீங்களா?

தெரியலையே.

நான் கேக்கலை. தினம் வர்றா, தினம் பேசுறோம். பேசுறது நான்தான். அன்னைக்குக் கோயில்ல எதுக்கு அழுதான்னும் கேக்கலை. சந்தோஷம்னு நானா வச்சுக்கிட்டேன். இருபத்திரண்டு நாளா மகன்கிட்டச் சொன்னேன், சாமிகிட்டச் சொன்னேன், பேரு தெரியாத உங்ககிட்டச் சொல்றேன், அவ காலைக் கழுவுனேன் கழுவுனேன்னு. அவளுக்கு அது எப்படி இருந்துச்சுன்னு எனக்குத் தெரியலை, டீச்சர்.

காலைக் கொஞ்சம் ஒதுக்கிக்கோங்க. பையைப் பார்த்துக்கோங்க, கடுதாசி இருக்கு. இல்லை, இல்லை, அவளை இங்க கூப்பிட வேண்டாம், நீங்க எந்திரிக்காதீங்க. கூப்பிட்டா வந்துருவா. பதினாலு வருஷமா நான் கூப்பிட்டு வர்றவதானே. நானே போறேன். இறங்குறதுக்கு இன்னும் ஒரு மணி நேரம் இருக்குல்ல? அவ பக்கத்துல ஒரு ஆளு உட்கார்ந்திருக்காரு போல. பரவாயில்லை, நின்னுக்கிட்டே கேட்டுக்கிறேன்.